30 நாள் சான்றிதழா, இரண்டு வருட ஐடிஐயா?

ஜூன் பிறந்தால் எங்கள் அலாரம் கடைக்கு அப்பாக்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். பக்கத்தில் பிள்ளை பேசாமல் நிற்பான். "இந்த ஒயர்லெஸ் அலாரம், கேமரா எல்லாம் மாட்டுற வேலைக்கு நல்ல கிராக்கியாமே, எங்க சேர்க்கலாம் சார்?" என்று கேட்பார்கள். கேட்கும்போதே முடிவும் கையில் இருக்கும். "30 நாளில் செக்யூரிட்டி சிஸ்டம் நிபுணர்" என்று அச்சடித்த பளபள நோட்டீஸ். "தம்பிக்கு இதுல விருப்பம் உண்டா?" என்று பையனிடம் கேட்டால் அப்பாதான் பதில் சொல்வார். பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்தான், மச்சான் மகன் சேர்ந்தான் என்பதற்காகச் சேர்ந்து, வேலையில் திணறி நிற்கும் பிள்ளைகளை இந்த வருடமும் பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போகக்கூடிய வழிகள் எல்லாருக்கும் தெரிந்தவை. பி.இ. எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர் இந்தக் கருவிகளை வடிவமைக்கலாம். ஏணி ஏறி மாட்டும் வேலைக்காக நான்கு வருடமும் அவ்வளவு பணமும் செலவழிக்க வேண்டியதில்லை. பாலிடெக்னிக்கில் மூன்று வருட டிப்ளமோ, நாளைக்கு மேற்பார்வையாளராகவோ சொந்தமாகக் கொட்டேஷன் போடுபவராகவோ ஆக நினைப்பவருக்குப் பொருந்தும். பத்தாம் வகுப்பு முடித்ததும் ஐடிஐயில் எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் பிரிவு, இரண்டு வருடம். இதெல்லாம் வேண்டாம் என்றால் ஏதாவது ஒரு கடையில் ஹெல்பராகச் சேர்ந்து கைப்பழக்கத்தில் கற்றுக்கொள்ளலாம். கடைசியாக அந்த நோட்டீஸ் படிப்பு. இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த வகுப்பில் மேஜை மேல் ஒரு அலாரம் பேனல் இருக்கும். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு டோர் சென்சார், ஒரு மோஷன் சென்சார், ஒரு ரிமோட். பேனலின் ரிசீவரை, புதிய சென்சாரைப் பதிந்துகொள்ளும் லேர்ன் நிலைக்குக் கொண்டுபோய், சென்சாரை ஒரு தட்டுத் தட்டினால் 'பீப்' என்று கத்தும். சென்சார் சேர்ந்துவிட்டது, அடுத்தவர் வாருங்கள். முப்பது பேரும் ஆளுக்கு ஒரு முறை செய்து பார்த்துக் கைதட்டி, போட்டோ எடுத்து, சான்றிதழ் வாங்கிக்கொண்டு போவார்கள். இரண்டு அடி தூரத்தில் எந்த ரிசீவரும் வேலை செய்யும். வேலை தெரிந்தவரா இல்லையா என்பது சுவரும் இரும்பும் குறுக்கே வரும்போதுதான் தெரியும்.

ஓர் அடகுக் கடையில், பின்கதவு சென்சார் பகலெல்லாம் சரியாக இருக்கிறது, இரவில் மட்டும் தொடர்பு அறுந்துபோகிறது என்று கூப்பிட்டார்கள். மாட்டியவர் நோட்டீஸ் படிப்பு முடித்த தம்பி. பேட்டரியை மாற்றியிருக்கிறார், சென்சாரையே மாற்றியிருக்கிறார், பலனில்லை. பேனலைத் திறந்தேன். ரிசீவர் போர்டு பேனலின் தகரப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. மூடி சாத்துவதற்கு இடைஞ்சல் என்று ஏரியல் ஒயரைச் சுருட்டி டேப் போட்டு அமுக்கியிருந்தார். பகலில் உள்ளறையின் இரும்புக் கதவு திறந்தே கிடக்கும், சிக்னல் எப்படியோ வந்து சேர்ந்துவிடும். இரவு அந்தக் கதவைப் பூட்டியதும் வழி அடைபட்டுப் போகும்.

அந்தக் கருவி வேலை செய்வது 433 மெகாஹெர்ட்ஸில். அதன் அலைநீளம் சுமார் 69 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு, 17 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஏரியல் ஒயரை அந்த அளவுக்கு வெட்டியிருப்பது அதனால்தான். நீட்டி நிமிர்த்தி, இரும்பை விட்டு விலக்கி வைத்தால்தான் அது ஏரியல். சுருட்டினால் வெறும் ஒயர். ரிசீவரைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, உள்ளறைக்கும் வெளியறைக்கும் பொதுவான சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றினேன். பீரோ, யூபிஎஸ், வைஃபை ரவுட்டர் எதுவும் பக்கத்தில் இல்லாத இடம். பேனலிலிருந்து சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை என்று நாலு ஒயர் இழுத்தது மட்டும்தான் கூடுதல் வேலை. பிறகு கடைக்காரரை எல்லாக் கதவையும் இரவு சாத்துவதுபோலச் சாத்தச் சொல்லி, சென்சாரை டபுள் சைடு டேப்பில் ஒட்டி, கீபேடில் சிக்னல் அளவைப் பார்த்து, சரி என்று தெரிந்த பிறகுதான் டிரில்லைக் கையில் எடுத்தேன். இடம் பார், கதவைச் சாத்திச் சோதி, பிறகு துளை போடு என்ற இந்த வரிசையை மேஜை வகுப்பில் யாரும் சொல்லித் தருவதில்லை. அங்கே கதவும் இல்லை, சுவரும் இல்லை.

சொல்லித் தராதது இன்னும் நிறைய. விலை குறைந்த பேனல்களில் லேர்ன் நிலையில் இருக்கும்போது எந்தச் சென்சார் கத்தினாலும் ரிசீவர் அதையே பதிந்துகொள்ளும். பக்கத்துக் கடை மோஷன் சென்சார் அந்த நேரம் பார்த்து யாரையாவது கண்டுவிட்டால், பிறகு அந்தக் கடைக்குள் ஆள் நடந்தாலெல்லாம் உங்கள் வாடிக்கையாளர் கடையில் சைரன் அலறும். அதனால் ஒவ்வொன்றாக, மற்றவற்றின் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுச் சேர்த்து, எந்தச் சென்சார் எந்த ஜோன் என்று எழுதி வைக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் மோஷன் சென்சார்களில் பல, ஒரு முறை ஆளைக் கண்டதும் மூன்று நிமிடம்போலத் தூங்கிவிடும், பேட்டரி தீராமல் இருப்பதற்காக. அது தெரியாதவர் முன்னும் பின்னும் நடந்து பார்த்துவிட்டு, நல்ல சென்சாரைப் பழுது என்று திருப்பி அனுப்புகிறார்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வந்த கிட்டில் சென்சார் ஒன்று கெட்டுப்போனால், இங்கே சென்னை ரிச்சி தெருவில் அதே உருவத்தில் ஒன்று வாங்கி வந்து மாட்ட முடியாது. அங்கே 345, 319.5 மெகாஹெர்ட்ஸ் கருவிகளும் புழக்கத்தில் உண்டு. 433இல் பேசும் சென்சார் அந்த ரிசீவருக்குக் கேட்கவே கேட்காது. அலைவரிசை ஒன்றாக இருந்தாலும் குறியீட்டு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். மலிவான ரிமோட்டுகளில் ஒவ்வொரு முறையும் ஒரே குறியீடுதான் போகும், அதை நகலெடுப்பது கஷ்டமே இல்லை. நகைக் கடைக்கு அப்படி ஒன்றைக் கொடுப்பவர் திருடனுக்குச் சாவி செய்து கொடுக்கிறார். அழைப்பு போவதற்கு 2ஜி மோடம் உள்ள பேனலில் ஜியோ சிம் போட்டுவிட்டு, அழைப்பே போகவில்லை என்று தலையைச் சொறிபவர்களையும் பார்க்கிறேன். ஜியோவுக்கு 2ஜி நெட்வொர்க்கே கிடையாது.

இதில் எதுவும் பெரிய வித்தை இல்லை. ஆனால் ஓம் விதியும், மின்னோட்டமும், அலையும் ஓரளவுக்காவது மனதில் பதிந்தவருக்குத்தான் காரணம் பிடிபடும். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி, 200 மில்லி ஆம்பியர் இழுக்கும் பேனலை மின்சாரம் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்டால், ஐடிஐ முடித்த பையன் "கணக்குப்படி 35 மணி, சைரன் அடிச்சா குறையும், பேட்டரி பழசானா இன்னும் குறையும்" என்பான். நோட்டீஸ் படிப்பு முடித்தவர், "பேக்கப் இருக்கு சார்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

நான் ஐடிஐ வழியாக வந்தவன். அதனால் பரிந்து பேசுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். சாலிடரிங் அயர்னில் கையைச் சுட்டுக்கொண்டு, மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் வைத்துக்கொண்டு ஒரு போர்டோடு நாள் முழுக்க மல்லுக்கட்டிய பிள்ளைக்கு, எந்தக் கம்பெனிப் பேனலைக் கொடுத்தாலும் பயம் இருக்காது. தமிழ்நாட்டு அரசு ஐடிஐகளில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, பஸ் பாஸ் உண்டு, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. முடித்தவர் மேலே படிக்க நினைத்தால் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் வருடத்தில் சேரலாம். இவ்வளவு இருந்தும், ஐடிஐ என்றால் மட்டம் என்று முகம் சுளிக்கிற பெற்றோர், முப்பது நாள் படிப்புக்குக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

ஹெல்பராகச் சேர்வதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நல்ல இன்ஸ்டாலர் ஒருவர் கிடைத்தால் அது பெரிய படிப்பு. ஆனால் பல கடைகளில் ஹெல்பர் வருடக் கணக்கில் ஏணி பிடிப்பதோடும் டீ வாங்கி வருவதோடும் சரி. இரண்டையும் சேர்த்துச் செய்வதே உத்தமம், ஐடிஐயில் படித்துக்கொண்டே விடுமுறையில் சைட்டுக்குப் போய்வருவது.

எந்த வழியானாலும், பையனுக்கு இந்த வேலை பொருந்துமா என்று முதலில் பாருங்கள். வீட்டில் மிக்ஸி நின்றால் திறந்து பார்க்க ஆசைப்படுகிறவனா? கருவியோடு வரும் சின்ன எழுத்துப் புத்தகத்தை உட்கார்ந்து படிக்கப் பொறுமை உள்ளவனா? எழுபது வயதுப் பாட்டிக்கு அலாரத்தைப் போடுவதும் அணைப்பதும் எப்படி என்று எரிச்சல் படாமல் நான்காவது தடவையும் சொல்லித் தருவானா? அடுத்தவர் வீட்டுக் குறியீட்டு எண்ணை நண்பனிடம்கூடச் சொல்லாமல் இருப்பானா? இவை இருந்தால் மதிப்பெண் குறைந்தாலும் கவலைப்பட வேண்டாம். இவை இல்லாத பிள்ளையை, வேலைக்குக் கிராக்கி இருக்கிறது என்பதற்காக மட்டும் இதில் தள்ளிவிடாதீர்கள். அவன் இரண்டு வருடத்தில் வெளியேறிவிடுவான், அவன் மாட்டிய கருவி மட்டும் யாரோ ஒருவர் வீட்டில் பேசாமல் தொங்கிக்கொண்டிருக்கும்.

தம்பிகளே, முதல் வருடம் சம்பளம் குறைவாகத்தான் வரும். கூடப் படித்தவன் பைக் வாங்குவான், நீங்கள் கேசிங் பட்டி வெட்டிக்கொண்டிருப்பீர்கள். அதற்காக அவசரப்பட்டு வழி மாறாதீர்கள். நம்பி ஒரு சாவியைக் கையில் கொடுத்து, "நீங்களே வந்து பாருங்க" என்று வாடிக்கையாளர் சொல்லும் நிலைக்கு வரச் சில வருடங்கள் ஆகும்.

பெற்றோருக்கு ஒரே வேண்டுகோள். அரசு ஐடிஐ விண்ணப்பத்தை முதலில் போடுங்கள். நோட்டீஸ் படிப்புக்காக எடுத்து வைத்திருக்கும் பணத்தில் பையனுக்கு நல்ல மல்டிமீட்டர் ஒன்றும் டிரில் ஒன்றும் வாங்கிக் கொடுங்கள்.