இந்து சமுத்திர சுனாமி எச்சரிக்கை முறைமை: பிராந்திய ஒத்துழைப்புக்கு ஓர் உதாரணம்

மாணவர்களே, "பிராந்திய ஒத்துழைப்பு" பற்றிய வினாவுக்குப் பலர் பொதுவான வசனங்களாலேயே பக்கத்தை நிரப்பிவிடுகின்றனர். அத்தகைய விடைக்குப் புள்ளிகள் குறைவாகவே கிடைக்கும். ஒரே ஓர் உதாரணத்தையாவது ஆண்டு, இடம், நிறுவனம், செயற்படும் முறை ஆகியவற்றோடு கற்றுவைத்திருங்கள். உங்களிற் பெரும்பாலானோர் 2004 இற்குப் பின் பிறந்தவர்கள். ஆயினும் நமது கரையோரத்தைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமான உதாரணம் வேறில்லை.

1. பின்னணி

2004 டிசெம்பர் 26 ஆம் திகதி, அன்றைய இலங்கை நேரப்படி காலை 6.58 மணியளவில், சுமாத்திராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் கடலடியில் 9.1 பருமனுடைய புவிநடுக்கம் ஏற்பட்டது. ஒரு தகடு மற்றொரு தகட்டின் கீழ் அமிழும் எல்லை அது. கடலடி செங்குத்தாக உயர்ந்தமையால் அதன் மேலிருந்த நீர்த்திணிவு முழுவதும் அசைந்தது. ஏறத்தாழ 230,000 பேர் உயிரிழந்தனர். காணாமற்போனோர் உட்பட இலங்கையில் மட்டும் 35,000 இற்கும் மேற்பட்டோரை இழந்தோம்.

சுனாமியின் வேகம் கடலின் ஆழத்தில் தங்கியுள்ளது. ஈர்ப்பு ஆர்முடுகலை ஆழத்தாற் பெருக்கி வர்க்கமூலம் காண்க. ஆழம் 4,000 மீற்றர் எனின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 198 மீற்றர், அதாவது மணிக்கு 700 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். புவிநடுக்க மையத்துக்கும் நமது கிழக்குக் கரைக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர். ஆகவே அலை வந்துசேர இரண்டு மணித்தியாலங்களளவு சென்றது.

இங்கே நின்று சிந்தியுங்கள். கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் உள்ளே நடக்க இருபது நிமிடங்கள் போதும். நேரம் இருந்தது, செய்திதான் வரவில்லை. பசுபிக் சமுத்திரத்துக்கு 1949 முதல் ஹவாயில் எச்சரிக்கை நிலையம் இருந்தது. அங்குள்ள விஞ்ஞானிகள் இந்தப் புவிநடுக்கத்தையும் பதிவுசெய்தனர். ஆனால் இந்து சமுத்திரத்தில் எந்த நாட்டில் யாருக்கு அறிவிப்பது, அவர் கரையோர மக்களுக்கு எவ்வாறு சொல்வது என்ற ஒழுங்கு எதுவும் இருக்கவில்லை.

2. முறைமையின் உருவாக்கம்

யுனெஸ்கோவின் அரசுகளுக்கிடையிலான சமுத்திரவியல் ஆணைக்குழு 2005 இல் இந்து சமுத்திர நாடுகளுக்கான ஒருங்கிணைப்புக் குழுவை அமைத்தது. ஆரம்பத்தில் ஹவாய் நிலையமும் ஜப்பான் வானிலை நிறுவனமும் இடைக்கால அறிவித்தல்களை வழங்கின. 2011 ஒக்டோபரில் அவுஸ்திரேலியா, இந்தியா, இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளின் நிலையங்கள் அப்பொறுப்பை ஏற்றன. இந்திய நிலையம் ஐதராபாத்தில் உள்ளது. 2013 இல் இடைக்காலச் சேவை நிறுத்தப்பட்டது. பிராந்தியம் தன் கடலைத் தானே கண்காணிக்கும் ஆற்றலைப் பெற்றது என்பதே இதன் பொருள்.

3. செயற்படும் படிமுறை

(அ) புவிநடுக்கப் பதிகருவிகள் சில நிமிடங்களில் இடத்தையும் பருமனையும் தருகின்றன. கண்டிக்கு அருகே பல்லேகலையிலுள்ள நிலையமும் உலக வலையமைப்பில் ஒன்றாகும்.
(ஆ) ஆழ்கடல் அமுக்கமானிகளும் கரையோரக் கடல்மட்டமானிகளும் அலை உண்மையில் உருவாகியதா என உறுதிசெய்கின்றன. தரவு செய்மதி மூலம் அனுப்பப்படுகின்றது.
(இ) மூன்று நிலையங்களும் எல்லா நாடுகளுக்கும் அறிவிக்கின்றன.
(ஈ) மக்களை வெளியேற்றும் தீர்மானம் அந்தந்த நாட்டுக்கே உரியது. இலங்கையில் வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிக்கை விடுக்கின்றது. 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டத்தின் வழிவந்த அனர்த்த முகாமைத்துவ நிலையம் அதை மக்களிடம் கொண்டுசெல்கின்றது.

4. சோதனைகளும் குறைபாடுகளும்

2012 ஏப்ரல் 11 இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 பருமனுடைய புவிநடுக்கம் ஏற்பட்டது. எச்சரிக்கை விடுக்கப்பட்டு இலங்கையிலும் கரையோர மக்கள் வெளியேறினர். தகடுகள் பக்கவாட்டாக நகர்ந்தமையால் பெரிய அலை எழவில்லை. ஆயினும் செய்தி கரையை அடைந்தது என்பதே இதில் முக்கியமாகும்.

2018 இல் இந்தோனேசியாவில் முறைமையின் எல்லைகள் வெளிப்பட்டன. செப்டெம்பரில் பாலு நகரை அலை சில நிமிடங்களிலேயே தாக்கியது. டிசெம்பரில் அனக் கிரக்கத்தோவா எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து சுனாமி உருவாகியது. பெரும் புவிநடுக்கம் நிகழாதபடியால் எச்சரிக்கையும் கிடைக்கவில்லை.

கருவி பேசும் முன்னரே அலை வரும் இடத்தில் மனிதரின் அறிவே காப்பு. சுமாத்திராவுக்கு அருகிலுள்ள சிமெலுவே தீவு மக்கள் 1907 ஆம் ஆண்டுச் சுனாமியை "ஸ்மோங்" என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தனர். நிலம் பலமாக அதிர்ந்து கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடவேண்டும் என்பது சிறுவர்களுக்கும் தெரியும். 2004 இல் ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தோர் எழுவர் மட்டுமே.

5. மாதிரி வினா

"இந்து சமுத்திர சுனாமி எச்சரிக்கை முறைமை பிராந்திய ஒத்துழைப்பின் வெற்றியாகும், ஆயினும் அது தனித்துப் போதுமானதன்று." ஆராய்க.

விடைக்குறிப்பு:
• 2004 இல் நேரம் இருந்தும் முறைமை இல்லாமை
• 2005, 2011, 2013 ஆகிய ஆண்டுகளின் முக்கியத்துவம்
• தரவுப் பகிர்வு: எந்த ஒரு நாடும் தனித்து முழுச் சமுத்திரத்தையும் அவதானிக்க முடியாது
• 2012 இன் வெற்றி, 2018 இன் குறைபாடுகள்
• சிமெலுவே உதாரணத்தோடு மக்கள் அறிவின் அவசியம்

கவனிக்க: "இம்முறைமை சுனாமியைத் தடுக்கின்றது" என எழுதவேண்டாம். அது அலையைத் தடுப்பதில்லை; மனிதருக்கு நேரத்தைப் பெற்றுக்கொடுக்கின்றது. பருமன் என்பதையும் செறிவு என்பதையும் மாற்றி எழுதவும் கூடாது.

கரையோரத்தில் வசிக்கும் மாணவர்கள் இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் ஊரிலிருந்து மேட்டு நிலத்துக்குச் செல்லும் பாதையை ஒருமுறை நடந்து பார்த்து, எத்தனை நிமிடங்கள் செல்கின்றன எனக் குறித்துவையுங்கள். அதைத் தம்பி தங்கையருக்கும் சொல்லிக்கொடுங்கள். அதற்குப் பரீட்சையில் புள்ளி இல்லை. ஆனால் இப்பாடத்தின் பயன் அதிலேயே உள்ளது.