ஹார்மோன் சிகிச்சையும் ஏறி இறங்கும் அளவுகளும்

ஐம்பது வயதை அணுகும் நம் தோட்டத் தாய்மார்கள் பலர் சொல்லொணாத் துன்பம் ஒன்றை வாய் திறவாது பொறுத்துக்கொள்கின்றனர். திடீரென முகமும் மார்பும் அனல்போல் கொதிக்கின்றன. இரவில் வியர்த்து உறக்கம் கலைகிறது. விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டச் செல்லும்போது உடல் சோர்ந்துவிடுகிறது. சிலர் மருத்துவரிடம் சென்று ஹார்மோன் மருந்து பெறுகின்றனர். அவர்களுள்ளும் ஒரு வாரத்தில் குணம் தெரியவில்லையென்று மருந்தை நிறுத்துவோர் உண்டு. விரைவில் குணமாகட்டும் என்று இருமடங்கு உண்போரும் உண்டு. இவ்விரண்டும் தீங்கு தருவன. இதன் காரணத்தை அறிய, ஹார்மோன் உடலில் எவ்வாறு ஏறி இறங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஹார்மோன் என்பது யாது?

ரப்பர்த் தோட்டத்தில் உழைப்போருக்கு இது முற்றிலும் புதிய செய்தியன்று. பால் மிகுதியாக வடிவதற்காக மரப்பட்டையில் பூசப்படும் எத்திபோன் என்னும் மருந்து, எத்திலீன் வாயுவை வெளிவிடுகிறது. எத்திலீன் தாவரங்களில் இயற்கையாகவே உண்டாகும் ஹார்மோன். அது சிறிதளவே போதும். அளவுமீறி அடிக்கடி பூசினால் பட்டை வறண்டு பால் நின்றுபோவதை நம்மவர் கண்டிருப்பர்.

மனித உடலிலும் ஹார்மோன்கள் மிகச் சிறிய அளவிலேயே பெரும்பணி ஆற்றுகின்றன. பெண்ணின் சூலகங்களில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டரோன் என்னும் இரண்டு ஹார்மோன்கள் சுரக்கின்றன. மாதவிலக்கை ஒழுங்குபடுத்துவதோடு, எலும்பின் வலிமையைக் காப்பதிலும் உடலின் வெப்பத்தைச் சீராக வைப்பதிலும் ஈஸ்ட்ரோஜனுக்குப் பங்குண்டு.

சீராக இறங்குவதில்லை

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிலக்கு வாராதிருந்தால் அது நின்றுவிட்டதெனக் கொள்வர். பெரும்பாலோர்க்கு இது 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் நிகழ்கிறது. ஆனால், அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே மாற்றம் தொடங்கிவிடுகிறது. அக்காலத்தில் ஈஸ்ட்ரோஜன் சரிவில் உருளும் கல்லைப்போல் ஒரே சீராக இறங்குவதில்லை. ஒரு மாதம் மிக உயர்ந்தும், மறுமாதம் தாழ்ந்தும் அலைகிறது. சூலகத்தைத் தூண்டுவதற்காக மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி வெளிவிடும் எஃப்.எஸ்.எச். என்னும் ஹார்மோனும் அவ்வாறே மாறிமாறி நிற்கிறது.

ஆகவே, ஒரு நாள் எடுத்த இரத்தச் சோதனையைக் கொண்டு மட்டும் முடிவு செய்தல் பொருந்தாது. ஒரு நாள் மங்கில் நின்ற பாலை அளந்து ஒரு மரத்தின் ஆண்டுப் பலனைக் கணிக்க முடியுமா? இலையுதிர் காலத்தில் ஓரளவு, மற்ற காலத்தில் வேறோர் அளவு என்று பால் மாறுவதை நாம் அறிவோம். இக்காரணத்தால், 45 வயதைக் கடந்தவரிடம் மருத்துவர் பெரும்பாலும் அறிகுறிகளைக் கேட்டறிந்தே தீர்மானிக்கிறார்.

இளம் வயதில், குறிப்பாக 40 வயதுக்கு முன்னர், மாதவிலக்கு நின்றால் சோதனை கட்டாயம் தேவை. இரவு வியர்வைக்குக் காசநோயோ தைராய்டுச் சுரப்பியின் கோளாறோ காரணமாக இருக்கவும் கூடும். எனவே, "எல்லாம் வயதினால் வருவது" என்று தாமே முடிவுகட்டலாகாது.

மருந்து வேலை செய்யும் விதம்

குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை ஈடுசெய்ய மாத்திரை, தோலில் ஒட்டும் பட்டை, தோலில் தடவும் களிம்பு ஆகியவை உள்ளன. மாத்திரை குடலிலிருந்து ஈரலுக்குச் சென்று, அங்கு ஓரளவு உருமாறிய பின்னரே உடலெங்கும் பரவுகிறது. அதை உண்ட சில மணி நேரத்தில் இரத்தத்தில் அளவு உயர்ந்து, பின்னர் மெல்லத் தாழ்கிறது. நாள்தோறும் ஒரே நேரத்தில் உண்ண வேண்டும் என்பது இதனாலேதான். ஒட்டும் பட்டை தோலின் வழியே சிறிது சிறிதாக மருந்தைத் தருவதால் அளவு பெரும்பாலும் சீராக நிற்கிறது. வெயிலில் வேலை செய்து வியர்ப்பவருக்குப் பட்டை கழன்று விழக்கூடும். அதனை மருத்துவரிடம் கூறினால் வேறு வகை தருவார்.

எவ்வகையாயினும் பயன் ஒரே நாளில் தெரிவதில்லை. வெப்ப அலைகள் தணியச் சில வாரங்கள் ஆகும். மூன்று மாதங்களுக்குப் பின்னர் மருத்துவர் மீண்டும் கண்டு, அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்வார். ஒரு நாள் மாத்திரை உண்ண மறந்தால், மறுநாள் இரண்டாகச் சேர்த்து உண்ணலாகாது. இச்சிகிச்சை கருத்தடை முறையன்று என்பதையும் நினைவிற் கொள்க.

இரண்டாவது மருந்து ஏன்?

ஈஸ்ட்ரோஜனை மட்டும் தொடர்ந்து உட்கொண்டால் கருப்பையின் உட்சுவர் தடித்து, புற்றுநோய் உண்டாகும் வாய்ப்பு மிகுகிறது. இவ்வுண்மை அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டு வெளியான ஆய்வுகளால் தெளிவாயிற்று. அதனால், கருப்பை உள்ளவர்களுக்குப் புரோஜெஸ்டரோன் வகை மருந்தும் சேர்த்தே தரப்படுகிறது. அதனை வேண்டாத மாத்திரையென ஒதுக்குவது பேராபத்து. அண்டை வீட்டாரின் மருந்தை வாங்கி உண்பதும் அத்தகையதே. அவர் கருப்பை அகற்றப்பட்டவராய் இருந்தால், அவருடைய மருந்தில் ஈஸ்ட்ரோஜன் மட்டுமே இருக்கும்.

மருந்து தொடங்கிய முதல் மாதங்களில் சிறிது உதிரம் படுவதுண்டு. அது மிகுந்தாலோ, ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்தாலோ, நின்றபின் மீண்டும் தோன்றினாலோ உடனே மருத்துவரைக் காண வேண்டும். மருந்தே உண்ணாதவருக்கும், மாதவிலக்கு நின்று ஓராண்டு கழிந்தபின் உதிரம் படுமாயின் தாமதித்தல் கூடாது.

அச்சமும் உண்மையும்

2002-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 16,608 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்ட பெரும் ஆய்வின் முடிவு உலகெங்கும் அச்சத்தை விளைத்தது. இரண்டு ஹார்மோன்களையும் சேர்த்து உண்டவருள், 10,000 பேருக்கு ஓராண்டில் 38 பேர்க்கு மார்பகப் புற்றுநோய் கண்டது; உண்ணாதவருள் அது 30. ஆய்வில் இருந்தவரின் சராசரி வயது 63. 60 வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்ற 10 ஆண்டுகளுக்குள் சிகிச்சையைத் தொடங்கும் நலமுள்ள பெண்கள் பெரும்பாலோர்க்குத் தீமையைவிட நன்மையே மிகுதி எனப் பின்னர் வந்த ஆராய்ச்சிகள் காட்டின. எனினும், மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், மாரடைப்பு, இரத்தக்கட்டு, கடும் ஈரல் நோய் ஆகியவை கண்டவர்களுக்கு இம்மருந்து பொதுவாகத் தரப்படுவதில்லை. ஆகவே, முன்பு வந்த நோய்களை மறையாது சொல்ல வேண்டும்.

செய்ய வேண்டுவன

சுங்கை பாக்காப் வட்டாரத்தார் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்தை முதலில் நாடலாம். சுங்கை பாக்காப் நகரில் அரசாங்க மருத்துவமனையும் உண்டு. செல்வதற்கு முன்னர் சிறு குறிப்பேடு ஒன்றில், மாதவிலக்கு வந்த நாள், வெப்ப அலை தோன்றிய நேரம், உறக்கம் கெட்ட இரவுகள், மருந்து உண்ட வேளை ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். எழுத இயலாதவருக்குப் பிள்ளைகள் உதவலாம். மூன்று மாதக் குறிப்பைப் புரட்டும் மருத்துவருக்கு, ஒரு துளி இரத்தம் காட்டாத பலவற்றை அது காட்டும்.

கணவன்மார்களும் இதனை அறிந்திருத்தல் நன்று. மனைவியின் எரிச்சலும் சோர்வும் பிடிவாதமல்ல, உடலின் மாற்றம் என்று உணர்ந்து, மருத்துவரிடம் உடன் சென்று வருவது அவர்தம் கடமையாகும்.