தலைமன்னார்ப் பாதையின் கடன் கணக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

அடிமை வணிகத்துக்காகப் பிரித்தானியா கரீபியன் நாடுகளுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டுமா என்று பள்ளிக்கூடத்தில் விவாதம் வைத்திருக்கிறார்கள் என எழுதியிருந்தாய். மன்னாரில் இருக்கும் எங்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றும் கேட்டிருந்தாய். அந்தக் கதையின் ஒரு கிளை உன் ஊர்க் கரையில்தான் வந்து இறங்கியது.

1833இல் அடிமைமுறையை ஒழித்துச் சட்டம் செய்த பிரித்தானிய நாடாளுமன்றம் 2 கோடி பவுண் இழப்பீடு ஒதுக்கியது. அடிமையாய் உழைத்தவருக்கு அதில் ஒரு சதமும் இல்லை. முழுத்தொகையும் அவர்களை உடைமையாக வைத்திருந்த முதலாளிகளுக்கே போனது. அதற்காக அரசு வாங்கிய கடன் முற்றாக அடைந்தது 2015இல்தான். அந்தச் சட்டம் இலங்கையைத் தொடவில்லை என்பதையும் மறந்துவிடாதே. இங்கே அடிமைமுறை சட்டப்படி நீங்கியது 1844இல். வடபகுதித் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமை அடிமைகளுக்கென்றே விதிகள் வைத்திருந்தது. வடபகுதியில் சாதியின் பேரால் மனிதரை ஆண்ட எஜமானர் தமிழரே. வெள்ளையரை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் வெளியே நிற்க முடியாது.

மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் விடுபட்டபின் அங்கே கோப்பி விளைச்சல் சரிந்தது. 1835இல் இலங்கைக் கோப்பிக்கும் அந்தத் தீவுகளின் கோப்பிக்கும் பிரித்தானியச் சந்தையில் ஒரே வரி என்றானதும், தோட்டக்காரரின் பார்வை கண்டி மலைகள்மேல் விழுந்தது. உரிமை காட்ட முடியாத காடும் தரிசும் சேனையும் அரசுக்கே சொந்தம் என்று 1840இல் ஒரு சட்டம் வந்தது. சிங்களக் குடியானவன் தலைமுறை தலைமுறையாய்ப் பயன்படுத்திய நிலம் தோட்டமாயிற்று. அதில் உழைக்க இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கத்து ஏழைச் சனம் பெருந்தொகையாகக் கொண்டுவரப்பட்டது.

தோணியில் வந்தவர்கள் தலைமன்னாரிலும் அரிப்புக் கரையிலும் இறங்கினார்கள். அங்கிருந்து காட்டுவழியே மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை என்று நடை. குடிக்கத் தண்ணீர் கிடையாது. வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் கூடவே நடந்தன; விழுந்தவர் விழுந்த இடத்திலேயே கிடந்தார். 1841 முதல் 1849 வரை வந்தவர்களில் 70,000 பேர், அதாவது நான்கில் ஒருவர், இறந்திருக்கலாம் என்று கொழும்பு ஒப்சேர்வர் பத்திரிகை அந்நாளில் மதிப்பிட்டது. மதவாச்சி பஸ்ஸில் நீ போய்வரும் தெருவை அடுத்த காடுகளில் அவர்கள் கிடக்கிறார்கள். பெயர் எழுதிய ஒரு கல்கூட இல்லாமல் போனவர்கள்.

இவர்கள் சட்டப்படி அடிமைகள் அல்லர். விவாதத்தில் அப்படிச் சொன்னால் எதிரணி உன்னை மடக்கிவிடும். இவர்களைக் கட்டியது கடன். வழிச்செலவுக்கும் சாப்பாட்டுக்கும் ஆள்சேர்த்த கங்காணி கொடுத்த முற்பணம் தொழிலாளியின் பெயரில் ஏறியது. தோட்டம் மாறினால் கடன்தொகை எழுதிய ‘துண்டு’ம் கூடவே போகும், புதிய தோட்டத்துத் துரை அதைக் கட்டி ஆளை எடுப்பார், கடன் மறுபடியும் ஆளின் தலையிலேயே நிற்கும். இந்த முறை ஒழிந்தது 1921இல். கரீபியனில் இழப்பீடு முதலாளிக்குப் போனது; இங்கே உழைத்தவனே கடனாளியாக எழுதப்பட்டான். அநியாயம் செய்தவர்களின் கையிலேயே கணக்குப் புத்தகமும் இருந்தது என்பதுதான் இரண்டுக்கும் பொது.

அந்த அநியாயத்தின் விளைவை இன்றுவரை இனப்பகையாக அனுபவிக்கிறோம். நிலம் இழந்த கண்டிக் குடியானவனும் ஊர் இழந்த தமிழ்த் தொழிலாளியும் ஒரே கையால் அடிபட்டவர்கள். ஆனால் அடித்தவன் பங்களாவிலும் இலண்டனிலும் இருந்தான்; கண்ணுக்குத் தெரிந்தது பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயன் மட்டும். அந்தக் கோபத்தை வாக்காக மாற்ற அரசியல்வாதிகளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் சுமார் 7 லட்சம் பேரை நாடற்றவர் ஆக்கியது. இலங்கை, இந்திய அரசுகள் 1964இல் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. மிச்சம் 1,50,000 பேரின் கதி பிறகு பார்க்கலாம் என்று விடப்பட்டது. பாட்டன் இறங்கிய தலைமன்னார்த் துறையிலேயே பேரப்பிள்ளைகள் இராமேசுவரம் கப்பலுக்குக் காத்து நின்றார்கள். அவர்களில் பலருக்கு அக்கரையிலும் தேயிலைத் தோட்டமே வேலையாயிற்று.

1977, 1983 வன்செயல்களுக்குத் தப்பி வன்னிக்கு வந்த, அந்தத் தோட்டத் தொழிலாளர் வழிவந்த மலையகக் குடும்பங்களைத் தமிழராகிய நாமே ‘தோட்டக்காட்டான்’ என்று தள்ளிவைத்தோம். அந்த வசை இன்னும் சில வீடுகளில் புழங்குகிறது.

2023இல், முதல் தொழிலாளர் வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து, மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே பாதையில் நடந்தார்கள். ஜூலை 28இல் தொடங்கி ஆகஸ்ட் 12இல் முடிந்த நடை அது. தங்கள் வரலாற்றை நாடு ஏற்க வேண்டும், காணியும் வீடும் வாழக்கூடிய சம்பளமும் வேண்டும் என்று கேட்டார்கள். கரீபியன் நாடுகள் 2014இல் முன்வைத்த பத்து அம்சத் திட்டமும் ஆளுக்கொரு காசோலை கேட்கவில்லை. முறையான மன்னிப்பு முதலில். பிறகு பொதுச் சுகாதாரம், கல்வி, கடன் நீக்கம்.

“பாதிக்கப்பட்டவர் எல்லாரும் செத்துப்போனார்களே, யாருக்கு யார் கொடுப்பது?” என்று எதிரணி கட்டாயம் கேட்கும். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டபோது பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று சொல். 2003இன் சட்டம் நாடற்று எஞ்சியிருந்தவருக்குக் குடியுரிமை தந்தது. வாக்கில்லாமல் கழிந்த வருடங்களுக்கு ஈடு எதுவும் வரவில்லை. இழப்பீட்டு அலுவலகத்துக்கான 2018ஆம் ஆண்டுச் சட்டமும் முதன்மையாகப் போர், கலவரம், காணாமலாக்கப்படுதல் பற்றிப் பேசுகிறது. பிரித்தானியக் கம்பனிகளின் தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாயின; நிர்வாகம் பின்னர் தனியாரிடம் போனாலும் நிலம் அரசினுடையது. ஆகவே இலண்டன் பதில் சொல்லும்வரை கொழும்பு காத்திருக்கத் தேவையில்லை. லயனில் பிறந்து லயனிலேயே கிழவியான ஒருத்தியின் பெயருக்குக் காணி உறுதி எழுதிக் கொடுப்பதற்கு இலண்டனின் கையெழுத்து வேண்டியதில்லை.

அன்புடன்,
அண்ணா