பத்துப் பேரும் ஒரு வலை ஊஞ்சலும்

போன மாதம் இளைஞர் வகுப்பில் கேட்டேன்: "ஆயிரம் வெள்ளி கிடைத்தால் நம்ம அடுக்குமாடிக்கு என்ன செய்வீங்க?"

"சமுதாய விழிப்புணர்வு, அண்ணே!" என்றான் ஒரு தம்பி. எப்படி என்றேன். பதில் இல்லை.

அவனைக் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. முன்பு நானும் ஒரு மானியத்துக்கு ஆறு பக்கம் எழுதினேன். ஒற்றுமை, எழுச்சி, மேம்பாடு எல்லாம் இருந்தது. என்ன வாங்கப்போகிறோம், எங்கே வைக்கப்போகிறோம் என்பது மட்டும் இல்லை. பணமும் கிடைக்கவில்லை.

2009-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தொடங்கியது ஆசம் ஃபவுண்டேஷன். பத்துப் பேர் மாதந்தோறும் ஆளுக்கு 100 டாலர் போடுவார்கள். சேரும் 1,000 டாலரை ஒரே ஒரு யோசனைக்குக் கொடுத்துவிடுவார்கள். திருப்பித் தரவேண்டாம், பங்கும் கேட்கமாட்டார்கள். நம்ம அம்மாமார் கூட்டுப் பணம் கட்டுவாங்களே, கிட்டத்தட்ட அது மாதிரிதான். எடுத்தவர் திரும்பக் கட்டவேண்டியதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்!

முதல் மானியம் எதற்குப் போனது தெரியுமா? பொது இடத்தில் பலர் ஒன்றாகப் படுத்து ஆட ஒரு ராட்சத வலை ஊஞ்சல். சிரிப்பு வருகிறதா? ஆனால் சொன்னதுமே அது கண்ணுக்குத் தெரிகிறது பாருங்கள். 'விழிப்புணர்வு' அப்படித் தெரியாது.

போன வாரம் அந்தத் தம்பி அரைப் பக்கம் எழுதி வந்தான். பெரியவங்க சும்மா உட்கார்ந்திருக்கும் கீழ்மாடி சிமெண்டு மேசையில் தாயக்கட்டமும் ஆடுபுலியும் வரையணுமாம். சாயத்துக்கும் தூரிகைக்கும் 86 வெள்ளி. நாங்கள் பத்துப் பேர் ஆளுக்குப் பத்து வெள்ளி போட்டுவிட்டோம். நிர்வாகக் குழுவின் அனுமதிக் கடிதம்தான் இன்னும் வரவில்லை.