வீட்டுக்குள் ஒரு மேரி



டிசம்பர் 8-ஆம் நாள் மிஷன் வீதியில், நம் சம்பாக் கோயில் திருவிழாக் கூட்டத்தில் நின்று, “மேரி!” என்று கூப்பிட்டுப் பாருங்கள். பத்துப் பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அதே பெயரை வீட்டுக்குள் கூப்பிட்டால் ஒருத்திதான் வருவாள். பெயருக்கு எல்லை வகுப்பது வீடு.

ஜாவாஸ்கிரிப்ட் என்பது 1995-இல் பிரெண்டன் ஐக் உருவாக்கிய கணினி மொழி. அதில் ஒரு மதிப்பைத் தாங்கும் பெயர் ‘மாறி’; ஒரு வேலையைச் செய்யும் கட்டளைத் தொகுப்பு ‘செயற்கூறு’. செயற்கூறே அங்கு வீடு. அதனுள் ‘வார்’ என்ற சொல்லுடன் அறிவித்த மாறி அதற்குள் மட்டுமே செல்லுபடியாகும். இவ்வெல்லையைப் பாடநூல் ‘வரையெல்லை’ என்கிறது.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். கிறிஸ்துமஸ் காணிக்கையைக் கூட்ட இரண்டு செயற்கூறுகள் எழுதினேன். ஒன்று, ஒரு வகுப்பின் தொகையைக் கூட்டித் தரும். மற்றொன்று, அதை ஒவ்வொரு வகுப்புக்கும் அழைத்துப் பெற்று, பள்ளிக் கணக்கில் சேர்க்கும். இரண்டிலும் ‘மொத்தம்’ என்றே பெயரிட்டேன். ‘வார்’ எழுத மறந்தேன். மூன்று வகுப்புகள் தந்தவை ரூ.400, ரூ.350, ரூ.250. உண்டியலில் ரூ.1,000 இருக்க, கணினி ரூ.500 என்றது! பணம் எண்ணிய தோழியின் முகம் வாடியது.

நடந்தது என்ன? ‘வார்’ இல்லாததால் இரண்டு ‘மொத்தமும்’ தெருவுக்கு வந்து ஒன்றாகிவிட்டன. ஒவ்வொரு வகுப்பின் தொகையும் பள்ளிக் கணக்கை அழித்து அதன் இடத்தில் அமர்ந்தது. பிறகு அதே தொகை மீண்டும் கூட்டப்பட்டது. கடைசி வகுப்பின் ரூ.250 இருமடங்காகி ரூ.500 மட்டும் மிஞ்சியது. இரண்டு இடங்களில் ‘வார்’ சேர்த்ததும் கணக்கு நேரானது. நிரலின் தலைப்பில் ‘யூஸ் ஸ்ட்ரிக்ட்’ என்று எழுதியிருந்தால் கணினியே பிழையைச் சுட்டியிருக்கும்.

இன்னும் இரண்டு செய்திகள். வீட்டுச் சன்னலிலிருந்து தெருவைப் பார்க்கலாம்; தெருவிலிருந்து உள்ளறையைப் பார்க்க இயலாது. அதுபோல, செயற்கூறு ஒரு பெயரை முதலில் தன்னுள் தேடும். இல்லையேல் வெளியே தேடும். வெளியிலிருந்து உள்ளே தேட வழியில்லை. அடுத்து, ‘இஃப்’, ‘ஃபார்’ ஆகியவற்றின் அடைப்புக்குறி ‘வார்’ மாறிக்குச் சுவர் ஆகாது. அதற்கு 2015-இல் வந்த ‘லெட்’, ‘கான்ஸ்ட்’ வேண்டும்.

தோழியரே, கணினி பொய் சொல்வதில்லை. நாம் எல்லை வகுக்க மறந்தால் குற்றமற்றவர்மேல் பழி விழும். பிறரை ஐயுறுமுன் நம் வேலையைச் சரிபார்ப்போம்.