கடலில் ஒரு புள்ளி: கப்பலைத் தேடிய கதையும் கற்ற பாடமும்



கெலவரப்பள்ளி அணையில் தேங்கும் தென்பெண்ணைத் தண்ணீரைத் தவிர வேறு பெரிய தண்ணீரைப் பார்க்காமல் வளர்ந்தவன் நான். கடல் எங்கள் ஊரிலிருந்து சுமார் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. "இவன் கப்பலைப் பற்றி எழுதுகிறானா?" என்று உங்களில் சிலர் சிரிக்கலாம். ஓசூர் சிப்காட்டுக்குள் ஒருமுறை நடந்து பாருங்கள். எத்தனை இயந்திரங்கள், எத்தனை உதிரி பாகங்கள், எத்தனை மூலப்பொருட்கள் கப்பலேறி வந்தவை என்பது புரியும். டிப்ளமோ முடித்து வேலைக்குப் போகும் நம்மில் பலரிடம் ஒருநாள் மேலாளர் கேட்கத்தான் போகிறார்: "ஏம்ப்பா, அந்தப் பெட்டி எங்க வருது?" அன்றைக்கு நான் செய்த தவறை நீங்கள் செய்யக்கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

அப்பாவின் பட்டறை

என் அப்பா ஓசூரில் ஒரு சிறு பட்டறை நடத்துகிறார். மூன்று லேத், ஒரு மில்லிங் மெஷின், நான்கு ஆட்கள். ஷாஃப்ட் கடைந்து கொடுப்பதுதான் முக்கிய வேலை. கிரைண்டிங்குக்கு மட்டும் வெளியே அனுப்பவேண்டும். லாபத்தில் பாதி அங்கேயே போய்விடும். அதனால் கடன் வாங்கி, ஜெர்மனியில் ரீகண்டிஷன் செய்த சிலிண்ட்ரிக்கல் கிரைண்டிங் மெஷின் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தார். எடை நான்கு டன். விமானத்தில் கொண்டுவந்தால் கட்டுப்படியாகாது. 2024 ஜனவரியில் ஹாம்பர்க் துறைமுகத்தில் இருபது அடி கண்டெய்னரில் ஏற்றினார்கள். கொழும்பில் கப்பல் மாறி சென்னைக்கு வரவேண்டும்.

அப்போது நான் முதலாமாண்டு மாணவன். "நீதான் படிக்கிற புள்ள. கப்பல் எங்க வருதுன்னு பாத்துச் சொல்லு கண்ணு" என்றார் அப்பா. கைப்பேசியில் உலக வரைபடத்தைத் திறந்தேன். நீலக் கடலில் ஆயிரக்கணக்கான அம்புக்குறிகள். அவற்றில் ஒன்று நம்முடையது! அன்று முதல் காலையில் பல் துலக்குமுன் கப்பலைப் பார்ப்பதே என் வேலையாயிற்று.

புள்ளி எங்கிருந்து வருகிறது?

வரைபடத்தில் தெரியும் அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருப்பது ஏ.ஐ.எஸ். எனப்படும் தானியங்கி அடையாள முறை. சரக்குக்காகக் காத்திருப்பவர்களுக்காக இதைக் கண்டுபிடிக்கவில்லை. கப்பலோடு கப்பல் மோதாமல் இருப்பதற்காகக் கண்டுபிடித்தார்கள். 300 டன்னேஜும் அதற்கு மேலும் உள்ள, வெளிநாட்டுப் பயணம் செய்யும் கப்பல்கள் எல்லாம் 2004 ஆம் ஆண்டு இறுதிக்குள் இதைப் பொருத்தியிருக்கவேண்டும் என்று பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு விதித்தது.

கப்பலிலுள்ள கருவி ஜி.பி.எஸ். மூலம் தன் இடத்தைத் தெரிந்துகொண்டு, இடம், வேகம், திசை ஆகியவற்றை வி.எச்.எஃப். அலையில் ஒலிபரப்புகிறது. 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள். ஓடும்போது வேகத்தைப் பொறுத்து 2 முதல் 10 வினாடிகளுக்கு ஒருமுறையும், நங்கூரமிட்டு நிற்கும்போது 3 நிமிடத்துக்கு ஒருமுறையும் செய்தி போகும்.

மின்னணுவியல் நண்பர்களுக்கு ஒரு கணக்கு. வி.எச்.எஃப். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. பூமியின் வளைவு அதை மறைக்கும். இரண்டு ஆண்டெனாக்களின் உயரத்தை மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12 ஆல் பெருக்கினால் எட்டும் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். கப்பலில் 36 மீட்டர், கரைக் கோபுரம் 100 மீட்டர் என்றால்,

4.12 × (6 + 10) = சுமார் 66 கிலோமீட்டர்

அதாவது 36 நாட்டிகல் மைல் கூட இல்லை. அதற்கு அப்பால் நடுக்கடலில் போகும் கப்பலைச் செயற்கைக்கோள்தான் கேட்கவேண்டும். அந்தத் தகவல் பெரும்பாலும் கட்டணச் சேவை. இலவசமாகப் பார்க்கும் நமக்குத் தெரிவது பல நேரங்களில் "கடைசியாகக் கண்ட இடம்". என் புள்ளி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் நான்கு நாள் அசையவே இல்லை. நான் பயந்துபோனேன். கப்பல் நிற்கவில்லை, கேட்பதற்குத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

இன்னொன்றும் உண்டு. இடமும் வேகமும் கருவியிலிருந்து தானாக வருபவை. சேருமிடமும் சேரும் நேரமும் கப்பல் அதிகாரி கையால் தட்டச்சு செய்பவை. அவர் மாற்ற மறந்தால் பழைய துறைமுகமே காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே முதல் இரண்டை நம்பலாம். பின் இரண்டை விசாரித்துத்தான் நம்பவேண்டும்.

பெயரை நம்பாதீர், எண்ணைப் பாருங்கள்

ஒரே மாதிரிப் பெயருள்ள கப்பல்கள் நிறைய. விற்றால் பெயர் மாறும், கொடி மாறும். மாறாதது ஐ.எம்.ஓ. எண் எனப்படும் ஏழு இலக்க எண். லாரிக்குப் பதிவு எண் மாறினாலும் சேஸிஸ் நம்பர் மாறாதல்லவா? அதுபோலத்தான்.

இந்த எண்ணைத் தப்பாக எழுதிக்கொண்டோமா என்று நாமே சோதிக்கலாம். 2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டி, 29 ஆம் தேதிவரை உலக வணிகத்தையே கலங்கடித்த 400 மீட்டர் நீளக் கப்பல் எவர் கிவன். அதன் எண் 9811000. முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள்:

63 + 48 + 5 + 4 + 0 + 0 = 120

கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் 0. எண்ணின் ஏழாவது இலக்கமும் 0. சரியாக இருக்கிறது! கண்டெய்னருக்கும் இப்படியே நான்கு எழுத்து, ஆறு இலக்கம், அதன்பின் ஒரு சோதனை இலக்கம் உண்டு.

ஏன் இவ்வளவு நாள்?

2023 நவம்பர் 19 அன்று செங்கடலில் கேலக்சி லீடர் என்ற கப்பல் கடத்தப்பட்டது. தாக்குதல்கள் தொடர்ந்தன. டிசம்பரிலிருந்து பெரிய கப்பல் நிறுவனங்கள் சூயஸ் வழியை விட்டு, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. எங்கள் மெஷினும் அந்தச் சுற்றில் மாட்டியது.

ராட்டர்டாமிலிருந்து சிங்கப்பூருக்குச் சூயஸ் வழி சுமார் 8,400 நாட்டிகல் மைல். முனையைச் சுற்றினால் சுமார் 11,700. கூடுதல் 3,300. கப்பல் வேகம் 14 நாட் என்று கொள்வோம். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர், ஆக மணிக்கு 26 கிலோமீட்டர். நம்ம ஊர் மொபெட் கூட முந்திவிடும்! 3,300 ஐ 14 ஆல் வகுத்தால் 236 மணி நேரம், கிட்டத்தட்ட பத்து நாள். இந்தக் கணக்கை நானே போட்டு அப்பாவிடம் காட்டியபோது அவருக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும் தலைக்கனம் ஏறியது. வினை அங்கேதான் ஆரம்பம்.

நான் செய்த தவறு

பெரிய கப்பல் கொழும்பை அடைந்தது. அங்கிருந்து சிறிய கப்பலில், அதாவது ஃபீடரில், மாற்றி ஏற்றுவார்கள். பாக் ஜலசந்தி ஆழமில்லாததால் இலங்கையைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும்; இரண்டு நாள் பயணம். ஃபீடரின் பெயர் எங்களிடம் இருந்த தாளில் இருந்தது. அதைத் தொடர்ந்தேன். 55 ஆம் நாள், புள்ளி சென்னைத் துறைமுகத்துக்குள் வந்து நின்றது.

"அப்பா, வந்துருச்சு!" என்று கத்தினேன்.

அப்பா உடனே வாடிக்கையாளருக்குப் போன் போட்டார். "திங்கட்கிழமை மெஷின் இறங்கிடும் சார். இந்த லாட்டை நானே கிரைண்ட் பண்ணித் தந்துடறேன்." வெளியே கிரைண்டிங் செய்பவரிடம் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். டிரெய்லருக்கும் கிரேனுக்கும் முன்பணம் கொடுத்தார்.

சனிக்கிழமை கிளியரிங் ஏஜெண்ட் பேசினார். "உங்க பெட்டி இந்தக் கப்பல்ல இல்லீங்க. கொழும்புலயே நின்னுபோச்சு. அடுத்த ஃபீடர்லதான் வரும்."

அந்த ஆண்டுத் தொடக்கத்தில் செங்கடல் பிரச்சினையால் கொழும்பில் பெட்டிகள் குவிந்திருந்தன. இடமில்லை என்று சில பெட்டிகளை விட்டுவிட்டுக் கப்பல் கிளம்புவது சகஜமாம். நான் பார்த்துக்கொண்டிருந்தது கப்பலை. எங்கள் பெட்டியை இல்லை. கண்டெய்னர் எண்ணைக் கப்பல் நிறுவனத்தின் பக்கத்தில் ஒருமுறை போட்டுப் பார்த்திருந்தால், "இறக்கப்பட்டது" என்பதோடு நின்றிருப்பதும், "ஏற்றப்பட்டது" என்ற வரி இல்லாததும் தெரிந்திருக்கும்.

ஒன்பது நாள் கழித்துத்தான் பெட்டி சென்னைக்கு வந்தது. வாடிக்கையாளர் அந்த மாத ஆர்டரில் பாதியை வேறு பட்டறைக்குக் கொடுத்துவிட்டார். டிரெய்லர் முன்பணம் போனது. பட்டறை ஆள் ஒருவருக்கு அந்த வாரம் ஓவர்டைம் இல்லை. மகளுக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்ட அதைத்தான் அவர் நம்பியிருந்தார். கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்த என்னிடம் அப்பா திட்டாமல் சொன்னார்: "கப்பல் லேட்டானது நம்ம தப்பில்ல கண்ணு. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொன்னோம் பாரு, அதான் தப்பு."

தாமதத்தை எப்படிச் சமாளிப்பது?

பிறகு கிளியரிங் ஏஜெண்டிடமும், நம் பாடப்புத்தகத்திலும் கற்றவற்றைத் தொகுத்துத் தருகிறேன்.

1. கப்பலோடு பெட்டியையும் தொடருங்கள். பில் ஆஃப் லேடிங்கில் கண்டெய்னர் எண், கப்பல் பெயர், பயண எண் எல்லாம் இருக்கும். கப்பல் மாறும் துறைமுகத்தில் "ஏற்றப்பட்டது" என்று வரும்வரை யாரிடமும் தேதி சொல்லாதீர்கள்.

2. எந்தத் துறைமுகம் என்று கேளுங்கள். சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி மூன்றும் அடுத்தடுத்து இருப்பவை. டிரெய்லரைத் தப்பான வாசலுக்கு அனுப்பிவிடக்கூடாது.

3. தாள்களை முன்பே தயார் செய்யுங்கள். சுங்கத்துக்கான பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வருமுன்பே தாக்கல் செய்யலாம். தாமதித்தால் கட்டணம் விழும். பழைய இயந்திரத்துக்குச் சார்ட்டர்ட் எஞ்சினியர் சான்றிதழ் தேவை. இலவச நாட்கள் முடிந்தபின் பெட்டி துறைமுகத்தில் கிடந்தால் டெமரேஜ். பெட்டியை வெளியே எடுத்து நேரத்தில் திருப்பித் தராவிட்டால் டிடென்ஷன்.

4. ஒரு தேதி சொல்லாமல், மூன்று தேதி போடுங்கள். பெர்ட் முறையைத் தேர்வுக்காக மட்டும் படித்தோமல்லவா? இங்கே உதவுகிறது. எல்லாம் கூடிவந்தால் 48 நாள், வழக்கமாக 55, எல்லாம் கெட்டால் 80 என்று வைத்தால்,

(48 + 4 × 55 + 80) ÷ 6 = 58 நாள்

திட்டவிலக்கம் (80 – 48) ÷ 6 = சுமார் 5.3. இதில் இரு மடங்கைச் சேர்த்தால் 69 நாள். வாடிக்கையாளரிடம் சொல்லவேண்டிய எண் இதுதான். எங்கள் மெஷின் பட்டறையில் இறங்கியது 67 ஆம் நாள்!

5. பழைய வழியை உடனே மூடாதீர்கள். மெஷின் இறங்கி, லெவல் பார்த்து, ஒரு ஷாஃப்ட் அளவுக்குள் வரும்வரை வெளி கிரைண்டிங் இருக்கட்டும். தினம் தேவைப்படும் பொருளானால் கையிருப்பு வையுங்கள். நாளுக்கு 4 டூல் பிட் செலவு, வர 30 நாள், தாமதித்தால் 45 நாள் என்றால், கூடுதல் 15 நாளுக்கு 60 பிட் எப்போதும் அலமாரியில் இருக்கவேண்டும்.

6. காத்திருக்கும் நாளை வீணாக்காதீர்கள். ஃபவுண்டேஷன் கான்கிரீட், மின் இணைப்பு, கூலண்ட் தொட்டி, ஆளுக்குப் பயிற்சி எல்லாம் முடியலாம். நாங்கள் அந்த ஒன்பது நாளில் இதைத்தான் செய்தோம்.

7. வானத்தையும் பாருங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது சென்னைத் துறைமுகத்தில் வேலை நின்றது. புயல் கூண்டு ஏற்றினால் உங்கள் தேதியையும் தள்ளிப் போடுங்கள்.

முடிவுரை

2025 மே 2 அன்று நம் பக்கத்து மாநிலத்தில் விழிஞ்ஞம் துறைமுகம் முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பெரிய கப்பல்கள் நம் நாட்டிலேயே பெட்டி மாற்றிக்கொள்ள அது வழி செய்கிறது. துறைமுகங்கள் எவ்வளவு வளர்ந்தாலும் கடல் கடல்தான். தாமதம் இருக்கவே செய்யும்.

அந்த வாடிக்கையாளரிடம் அப்பா நேரில் போய் நடந்ததை நடந்தபடி சொன்னார். இரண்டு மாதம் கழித்து மீதி ஆர்டரும் திரும்பி வந்தது. இப்போது பட்டறைக்கு எந்தச் சரக்கு வந்தாலும் அப்பா என்னிடம் கேட்கும் கேள்வி மாறிவிட்டது. "கப்பல் எங்க வருது?" என்று கேட்பதில்லை. "பெட்டி ஏறுச்சா? பாத்துட்டியா?" என்கிறார்.

பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள் நண்பர்களே!



– மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன், கெலவரப்பள்ளி