படமும் ஒரு சாட்சிதான்

அமெரிக்கப் புரட்சி என்றதும் எமது மாணவியர் ஆண்டுகளையும் காரணங்களையும் மனனம் செய்யத் தொடங்கிவிடுவர். நானும் பல வருடங்கள் அப்படித்தான் கற்பித்தேன். 1770 மார்ச் 5ஆம் திகதி இரவு பொஸ்டன் நகரில் பிரித்தானியப் படையினர் சுட்டதில் ஐவர் இறந்தனர் என்று கூறி, போல் ரெவியர் அச்சிட்ட புகழ்பெற்ற படத்தைக் காட்டுவேன். அதில் படையினர் வரிசையாக நின்று சுடுகின்றனர். அவர்களுக்குப் பின்னால் கப்டன் தோமஸ் பிரெஸ்டன் வாளை உயர்த்தி நிற்கிறார். மக்கள் வெறுங்கையர். "கப்டனின் கட்டளைப்படி சுட்டனர்" என்றே குறிப்பும் எழுதுவித்தேன்.

ஒருநாள் தரம் 11 மாணவி ஒருத்தி எழுந்து, "டீச்சர், இதை வரைந்தவர் அந்த இடத்தில் நின்றவரா?" என்று கேட்டாள். என்னிடம் விடை இருக்கவில்லை. தேடியபோது, அது ஹென்றி பெல்ஹாம் என்பவரின் படத்தைப் பார்த்துச் செய்யப்பட்டது என அறிந்தேன்.

அடுத்த பாடவேளையில் படத்துடன் பிரெஸ்டனின் வாக்குமூலத்தையும் வழக்கின் சாட்சியங்களையும் குழுக்களுக்குக் கொடுத்தேன். நான்கு வினாக்களைக் கரும்பலகையில் எழுதினேன்: இதை ஆக்கியவர் யார், எதற்காக? அக்காலச் சூழல் என்ன? மற்ற மூலங்கள் இதனுடன் உடன்படுகின்றனவா? உற்றுநோக்கினால் தெரிவது என்ன?

வகுப்பு சுறுசுறுப்பானது. சுங்க மனையின் மேல் 'கசாப்புக்கூடம்' என்ற பெயர்ப்பலகை வரையப்பட்டிருப்பதை ஒரு குழு கண்டது. 1768 முதல் நகரில் படை நிறுத்தப்பட்டதால் மூண்ட கசப்பை இன்னொரு குழு விளக்கியது. தாம் துப்பாக்கிகளுக்கு முன்னால் நின்றதாகவும் சுடச் சொல்லவில்லை என்றும் பிரெஸ்டன் கூறியிருந்தார். சாட்சிகளோ ஒருவருக்கொருவர் முரண்பட்டனர். பின்னரே தீர்ப்பைச் சொன்னேன்: ஜோன் அடம்ஸ் முதலானோர் எதிரிகளுக்காக வாதாட, பிரெஸ்டன் விடுதலையானார், எட்டுப் படையினரில் அறுவர் விடுதலை பெற, இருவர் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றவாளிகளாயினர்.

"அப்படியானால் படம் பொய்யா, டீச்சர்?" என்றாள் அதே மாணவி. அன்றிரவு நடந்ததற்கு அது பலவீனமான சான்று. ஆனால் மக்கள் அதை எப்படி நினைக்க வேண்டுமென்று குடியேற்றத் தலைவர்கள் விரும்பினர் என்பதற்கு வலுவான சான்று. ஐவரின் மரணமும் மக்களின் மனக்குறையும் மெய்யே.

என் பழைய குறிப்பிலிருந்த "கட்டளைப்படி" என்ற சொல்லை அன்றே வெட்டினேன். விசாரணையின்றி ஒரு மனிதரைக் குற்றவாளியாக்கி எத்தனை வகுப்புகளுக்குக் கற்பித்திருக்கிறேன் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.